அளக்காத பள்ளம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நமது செராமிக் பேட்டைத் தொழில்முனைவோர் சங்கத்தின் தலைவர் பானுமதி அம்மையார் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கை வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் பட்டறைத் தோழர்களே, முன்வரிசையில் கையில் கட்டோடு உட்கார்ந்திருக்கும் சகோதரி சிவசங்கரி அவர்களே, உங்கள் எல்லோருக்கும் இந்தச் சக்கரபாணியின் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. வாயைத் திறந்தால் சண்டைதான் வரும். இது நம் தடக்கலைஞர் மணிபாரதிக்கு நன்றாகத் தெரியும். வெளிநாட்டுக் கம்பெனியோடு பேச வேண்டிய நாள் வந்தால், "அண்ணே, இன்னிக்கு நீங்க பேசாதீங்க, நான் பேசிக்கறேன்" என்று சொல்லி போனை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். இன்றைக்கு வாங்கிக்கொள்ள அவர் இல்லை. ஆகவே நான்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு சண்டையை முடித்துவிடுகிறேன். வாசலில் இருக்கும் பேனரைப் பார்த்திருப்பீர்கள். மணிபாரதியின் முகத்தை வெட்டி எடுத்து ஒரு சிவப்புப் பந்தயக் காரில் உட்கார வைத்து, 'வேகத்தின் வேந்தே, விடைபெற்றாயோ' என்று போட்டிருக்கிறார்கள். அன்பில் செய்திருக்கிறார்கள், சரி, இருக்கட்டும். ஆனால் வேகமா? மணிபாரதிக்கா? அவர் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்தவர்கள் இந்த அரங்கத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? ஹாரன் அடித்துக் கை ஓய்ந்துபோனவர்கள் எத்தனை பேர்? பந்தயக் காரை அவர் தொட்டதுகூட இல்லை. டிவியில் பந்தயம் ஓடினாலும் பார்க்க மாட்டார். கேட்டால், "காரு மறைக்குதுண்ணே, ரோடு தெரிய மாட்டேங்குது" என்பார். கூட்டம் முடிந்ததும் அந்தப் பேனரைக் கழற்றிவிடுங்கள். ஏன் கழற்றச் சொல்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் என்ன வேலை செய்தார் என்று நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. கீழே பீங்கான் ஃபியூஸ் செய்கிற பட்டறை, மேலே எங்கள் ஆபீஸ். சூளை எரிகிற நாளில் எங்களுக்குத் தரை சுடும், கம்ப்யூட்டர்கள் மூச்சு வாங்கும். அந்த அறையில் உட்கார்ந்துகொண்டுதான் உலகத்தில் இருக்கிற பந்தயத்தடங்களைச் செய்துகொண்டிருந்தோம். எந்தத் தடம், எந்த விளையாட்டு என்று பெயர் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். செத்தவருக்குச் செலுத்தும் அஞ்சலியில்கூட அவர் செய்தது இன்னதென்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

பிள்ளைகள் வீடியோ கேமில் கார் ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கார் ஓடுகிற ரோட்டை யாரோ மனம்போனபடி வரைந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பீர்கள். இல்லை ஐயா. நிஜமான தடத்தில் ஒரு வண்டி மெதுவாகப் போகும். அதன் தலையில் ஒரு லேசர் கருவி சுற்றிக்கொண்டே வெளிச்சத்தை வீசும். வெளிச்சம் எதில் பட்டுத் திரும்புகிறதோ அங்கே ஒரு புள்ளி. தாரில் புள்ளி, ஓரக் கல்லில் புள்ளி, வேலிக் கம்பியில் புள்ளி, வேலிக்கு அப்பால் நிற்கிற மரத்தின் இலையில் புள்ளி. அப்படிக் கோடி கோடியாகப் புள்ளிகள் வந்து எங்கள் கம்ப்யூட்டரில் கொட்டும். கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். கம்பி இழுத்துச் சேர்ப்பது எங்கள் பாடு. மரம், வேலி, கட்டடம் எல்லாம் எங்கள் ஆபீஸ் இனியாவும் மற்றவர்களும் செய்வார்கள். ரோடு மட்டும் மணிபாரதி. அவர் செய்கிற ரோட்டை இன்னொருவர் தொட்டால் முகம் சுண்டிவிடும்.

ஏன் என்று கேட்டேன். "மரம் ஒரு சாண் தள்ளி நின்னா எவனுக்குண்ணே தெரியப் போவுது? ரோடு ஒரு வெரக்கடை ஏறுனா ஓட்டறவன் கையில தெரியும்" என்றார். ஸ்டியரிங் பிடித்து விளையாடுகிறவர்களுக்கு அது தெரியும். ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு நெளிவும் கையில் வந்து உதறும். அந்த உதறல்தான் மணிபாரதி. உலகம் முழுக்க எத்தனையோ பேருடைய கையில் அவர் உதறியிருக்கிறார், ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது.

அவரும் தவறு செய்தவர்தான். இரங்கல் கூட்டத்தில் தவறைச் சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்கிறேன், ஏனென்றால் மணிபாரதி மணிபாரதியானது அந்தத் தவறுக்குப் பிறகுதான். மலைக்காட்டுக்குள் ஓடுகிற ஒரு தடம் எங்களிடம் வந்தது. அளந்த அன்று காலையில் அங்கே மழை பெய்திருக்கிறது. ஒரு வளைவில் கொஞ்சம் தண்ணீர் நின்றிருக்கிறது. தண்ணீரில் பட்ட லேசர் வெளிச்சம் வேறு பக்கம் தெறித்துவிடும், கருவிக்குத் திரும்பி வராது. ஆகவே அந்த இடத்தில் புள்ளியே இல்லை. ரோட்டில் ஓர் ஓட்டை. இந்த மாதிரி ஓட்டை வந்தால் சுற்றியிருக்கிற புள்ளிகளை இழுத்துச் சேர்த்துச் சமமாக மூடிவிடுவது வழக்கம். மணிபாரதியும் மூடினார். தையல் தெரியாமல் மூடினார்.

அந்தத் தடத்தில் காலமெல்லாம் கார் ஓட்டிய ஒரு பந்தயக்காரரிடம் எங்கள் வேலையைக் கொடுத்து ஓட்டச் சொன்னார்கள். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டனுப்பினார். 'அந்த வளைவில் என் இடது சக்கரம் ஒவ்வொரு முறையும் இறங்கி ஏறும். இங்கே சாப்பாட்டு மேசைமேல் போகிற மாதிரி இருக்கிறது. இது எந்த ஊர் ரோடு?'

மணிபாரதிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. டிபன் கேரியரைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார். சாயங்காலம் படிக்கட்டில் நின்று என்னிடம் சொன்னார்: "தண்ணி நிக்குதுன்னா அங்க பள்ளம் இருக்குதுன்னு அர்த்தம்ண்ணே. புள்ளி வராத எடம்தான் பள்ளம். நான் பள்ளத்தப் போய் மேடாக்கி வச்சிருக்கேன் பாருங்க." அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் ஒரு சட்டம். புள்ளி இல்லாத இடத்தை யாரும் மூடக் கூடாது. அளவு கேட்டு எழுத வேண்டும். அளவு வராவிட்டால்? "ஓட்டையாவே வுடு. அளக்காத எடத்துல நம்ம கைய வைக்கக் கூடாது" என்பார்.

இந்தச் சட்டத்தால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா? தேதி நெருங்கும், அங்கிருந்து போன் மேல் போன் வரும். எல்லாம் தயார், ஒரே ஒரு இடத்தில் ஓட்டை. மூடித் தொலையுங்கள் ஐயா என்று தலையில் அடித்துக்கொள்வேன். அசைய மாட்டார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டோம். மூன்றாம் நாள் கீழே டீக்கடையில் எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு நிற்பார், நான் போய்க் குடிப்பேன். அவரோடு நான் சண்டை போடாத மாதம் கிடையாது. இந்தக் கூட்டத்தில் யாராவது எழுந்து என்னோடு சண்டை போட்டால்கூட எனக்கு நன்றாக இருக்கும்.

இப்போது நம் ஊர் ரோட்டுக்கு வருகிறேன். அதற்குத்தான் இத்தனை பீடிகை. ஒரு கோடையில், நில அளவைக்கு வந்திருந்த ஒரு நண்பரிடம் லேசர் கருவியை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்கினார் மணிபாரதி. கருவேப்பிலங்குறிச்சி போகிற சாலையில் பெட்ரோல் பங்க்கிலிருந்து மதகு வரைக்கும் ஒரு துண்டை அளந்தார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் பழக ஒரு ரோடு வேண்டும், அதற்காக. விற்பனைக்கு இல்லை, யாருக்கும் சொந்தமும் இல்லை, ஆகவே அதைப் பற்றி மட்டும் நான் தாராளமாகப் பேசலாம். கரும்பு லாரி மோதிச் சாய்ந்த கம்பம், வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை, பாவாடையின் டீக்கடையில் கிளாஸ் கழுவி ஊற்றி ஊற்றித் தாரின் ஓரம் அரித்துப்போன இடம், எல்லாம் அதில் உண்டு. அதோ கடைசி வரிசையில் நிற்கிற பாவாடை ஒருநாள் மாடியேறி வந்து தன் கடையைத் திரையில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஏன் சாரு, கடைய வச்சீங்க, என்னைய வைக்கலியே?"

"ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கறீங்களே, எப்பிடி அளக்கறது?" என்றார் மணிபாரதி. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். உண்மையும் அதுதான். எங்கள் தடங்களில் ஆள் நடமாட்டம் கிடையாது. நடமாடுகிற எதையும் அழித்துவிட்டுத்தான் ரோட்டைச் செய்வோம்.

காலையில் வந்து உட்கார்ந்ததும் அந்த ரோட்டில் ஒரு நடை போய்வந்தால்தான் மணிபாரதிக்கு வேலை ஓடும். ஆண்டுக்கணக்காகத் தினமும் போனார். நிஜ ரோட்டில் எப்போது போனார்? எப்போதாவதுதான். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இந்த நோய் உண்டு. அந்தச் சாலையில் வண்டியில் போகும்போது வேகத்தடை கண்ணில் படுவதற்கு முன்பே இனியாவின் கால் பிரேக்கில் போய் நிற்கும். கண்ணால் ஓட்டுவதில்லை, திரையில் பழகின ஞாபகத்தால் ஓட்டுகிறார்கள்.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்லச் சொன்னவர் மணிபாரதியின் மனைவி, சகோதரி சிவசங்கரி. "மறைக்காதீங்கண்ணா, அப்படியே சொல்லுங்க" என்றார். அப்படியே சொல்கிறேன்.

அவர் கருவேப்பிலங்குறிச்சியில் டீச்சர். தினமும் பஸ்ஸில் போகிறவர். அன்றைக்கு மழையில் பஸ் வரவில்லை. மணிபாரதி பைக்கை எடுத்தார். மழை விட்டிருந்தது. அவர் வழக்கமான வேகம்தான், அதாவது வேகமே இல்லை. மதகுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டில் தண்ணீர் நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த சிவசங்கரி, "ஏங்க, தண்ணி நிக்குது, அந்தப் பக்கமா சுத்திப் போங்க" என்றார்.

மணிபாரதி சொன்னார்: "அங்க ஒண்ணும் இல்ல சங்கரி. எனக்குத் தெரியாத ரோடா?"

அவருக்குத் தெரிந்த ரோட்டில் அங்கே ஒன்றும் இல்லைதான். அவர் அளந்த நாளில் இல்லை. அதன் பிறகு குழாய் போட வெட்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள், மழையில் மண் உள்வாங்கியிருக்கிறது. யார் வெட்டினார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிறார்கள். தண்ணீர் நின்றால் அங்கே பள்ளம் என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் யார்? அதையே சட்டமாக்கி என் உயிரை வாங்கியவர் யார்? அந்த மனிதர் நின்ற தண்ணீரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நேராகப் போனார். திரையில் இல்லாத பள்ளம் தரையிலும் இருக்காது என்று நம்பினார். இப்படி ஒரு தவறை உலகத்தில் எங்கள் ஆட்கள் மட்டும்தான் செய்ய முடியும்.

அன்று மாலைக்குள் அந்தப் பள்ளத்தில் ஜல்லி கொட்டித் தார் ஊற்றிவிட்டார்கள். நாங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தோம், இங்கே வேலை நடந்துவிட்டது. கேட்டால், அப்படி ஒரு பள்ளமே இல்லையாம். பிறகு ஊர் வாய் சும்மா இருக்குமா? "ரேஸ் கேமு செய்யறவரு இல்லியா, ரேஸு வுட்டிருப்பாரு" என்று எழவு வீட்டுப் பந்தலிலேயே ஒருவர் சொன்னார். சிவசங்கரி காதில் விழும்படி சொன்னார். பேனரை ஏன் கழற்றச் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

காரியம் முடிந்த மறுநாள் சிவசங்கரி எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். மணிபாரதியின் நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த ரோட்ட ஓட்டிக் காட்டு இனியா" என்றார். இனியா ஓட்டினாள். பங்க் வந்தது, டீக்கடை வந்தது, மதகு வந்தது. மதகுக்கு முன்னால் கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"இங்கதான்" என்றார் சிவசங்கரி. திரும்ப ஓட்டச் சொன்னார். திரும்பவும் வழுக்கிக்கொண்டு போயிற்று. "பள்ளத்தப் போடுங்கண்ணா. ஊருல அப்படி ஒண்ணு இல்லவே இல்லங்கறாங்க. அவரு செஞ்சதுலயும் இல்லன்னா, அப்புறம் அது எங்கதான் இருந்துச்சு?"

 அன்றே அந்த இடத்துக்குக் கிளம்பிப் போனோம். என்னத்தை அளப்பது? அந்தச் சாலையிலேயே வழவழப்பான இடம் இப்போது அதுதான். போனில் எடுத்த படங்கள் இருக்கின்றன, படத்தில் தண்ணீர் இருக்கிறது, வண்டி கிடக்கிறது, தண்ணீருக்கு அடியில் என்ன என்று தெரியவில்லை. பார்த்தவர்களைக் கேட்டோம். பாவாடை மொழங்கால் ஆழம் என்றார். இன்னொருவர் இடுப்பளவு என்று சத்தியம் செய்தார். மூன்றாவது ஆள், "அப்படி ஒண்ணும் பெரிசா இல்லீங்க" என்று நழுவினார். இனியா இரண்டு நாள் உட்கார்ந்து உத்தேசமாக ஒரு பள்ளம் செய்தாள். அழகாகத்தான் இருந்தது. சிவசங்கரி பார்த்துவிட்டு, "இது இல்ல" என்றார். இனியா அதை அழித்தாள். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கிற மேடுபள்ளத்தையெல்லாம் செய்து கொடுத்த எங்களுக்கு, எங்கள் மணிபாரதியைக் கொன்ற பள்ளத்தைச் செய்ய முடியவில்லை.

இந்த மாதிரிக் கூட்டத்தில் கடைசியாக, அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்ல வேண்டும். தலைவர் அம்மையாரும் என்னிடம் அதையே எதிர்பார்க்கிறார். அம்மா, மன்னிக்க வேண்டும், பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொடர்வதற்குப் பணி இல்லை. புள்ளி வராத இடத்தைத் தானாகவே மூடிவிடுகிற மென்பொருள் வந்துவிட்டது. கேட்காமல், எழுதாமல், கண் இமைப்பதற்குள் சமமாக மூடிவிடுகிறது. எங்கள் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது என்று சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே அவர் செய்தவையாவது நிற்குமா? தடத்தின் பெயருக்கு வாங்கிய உரிமம் தீர்ந்தால் அந்த விளையாட்டை விற்பனையிலிருந்து எடுத்துவிடுவார்கள். முதலில் செய்தவற்றை எடுத்தும்விட்டார்கள். பந்தயக்காரர் கேட்டாரே, அந்த வளைவு, அங்கே புதுத் தார் போட்டுப் பள்ளத்தையே இல்லாமல் செய்துவிட்டார்களாம். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. நான் எதைப் பிடித்துக்கொண்டு உறுதிமொழி சொல்லட்டும்?

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். கம்ப்யூட்டரில் இருக்கிற நம் ஊர் ரோட்டில், மதகுக்கு முன்னால், அந்த இடத்தை இனியா வெட்டி எடுத்துவிட்டாள். அளவு இல்லை, ஆகவே ஓட்டையாக விட்டுவிட்டோம். அவர் சட்டப்படி. ரோட்டில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்று விளையாட்டு ஆடுகிற பிள்ளைகளைக் கேளுங்கள். கார் உள்ளே விழும். கீழே நாங்கள் ஒன்றும் செய்து வைக்கவில்லை, தரை கிடையாது. முதல் முறை பார்த்தபோது சிவசங்கரி கேட்டார், "எங்கடி போவுது?"

"எங்கயும் போவலக்கா. வுழுந்துகிட்டே இருக்கும்" என்றாள் இனியா.

சிவசங்கரி இன்னொரு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "இது சரி. இப்படியே இருக்கட்டும்" என்றார். ஆபீசை மூடினாலும் அந்த ஒரு கம்ப்யூட்டர் என் வீட்டுக்கு வரும். அது ஓடுகிற வரைக்கும் அந்த இடத்தை யாரையும் மூட விட மாட்டேன். புதிதாகப் பழக வருகிறவர் யாரும் இனி இல்லை, தெரியும். இருந்தாலும் விட மாட்டேன்.

எனக்குப் பின்னால் கட்டியிருக்கிற வெள்ளைத் திரை எதற்கு என்று வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது மௌன அஞ்சலி. எழுந்து நில்லுங்கள். யாரும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். இனியா ஓட்டுவாள். பங்க் வரும், பாவாடையின் கடை வரும், அவர் அதில் இருக்க மாட்டார். மதகுக்கு முன்னால் அவள் நிறுத்த மாட்டாள், யாரும் சத்தம் போடாதீர்கள். கார் விழ ஆரம்பித்ததிலிருந்து மௌனம். அது எங்கேயும் போய் நிற்காது. சிவசங்கரி போதும் என்று கை காட்டும்போது இனியா நிறுத்துவாள். அதுவரைக்கும் நாம் நிற்போம்.

ஓட்டு இனியா.